கால்பெயின்-3 மரபணு சிகிச்சை எங்கே நிற்குது? பிரான்சின் தீவான ரீயூனியனில் இருந்துகொண்டு இப்போ என்ன செய்து வைக்கலாம்?

சன்பியேர்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

17 வயசுப் பொண்ணு, எடை 48 கிலோ. இடுப்பு-தோள் தசைச் சிதைவு, பழைய பேர் 2ஏ, இப்போ ஆர்1னு எழுதறாங்க. படி ஏறக் கைப்பிடி வேணும். தரையில உட்கார்ந்தா தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கணும். தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை மாதிரி தூக்கி நிக்குது. சி.கே. (தசை சிதைஞ்சா இரத்தத்தில் ஏறுற நொதி) 4,200. மரபணு அறிக்கையில் கால்பெயின்-3ல் ரெண்டு மாற்றம் போட்டிருக்கு: சி.946-1ஜி>ஏ, அப்புறம் ஆர்769கியூ. அப்பா வழி சன்லூயி தமிழ்க் குடும்பம், அம்மா வழி சிலாவோஸ் பக்கத்து மேட்டு ஜனங்க.

கேக்க வேண்டியது மூணு.

ஒண்ணு: பிரான்சின் ஜெனெத்தோன் ஆய்வகத்தில் இருக்கிற இசபெல் ரிஷார் இந்த மரபணுவை 1995லயே கண்டுபிடிச்சாச்சு. மரபணுவும் சின்னதாம். டூஷென்ங்கிற தசைச் சிதைவுக்கே ஊசி வந்துடுச்சு, இதுக்கு ஏன் இன்னும் வரலை? ஒரு இடத்தில் "இதயத்துக்கு நஞ்சு"ன்னு இருக்கு, இன்னொரு இடத்தில் "பாதுகாப்பானது"ன்னு இருக்கு. எதை நம்பறது?

ரெண்டு: மனுஷங்க மேல ஆய்வு தொடங்கினா சேர்றதுக்கு இப்பவே என்னென்ன கையில் இருக்கணும்?

மூணு: 13 வயசுத் தம்பி இருக்கான். ஒரு அறிகுறியும் இல்லை. அவனுக்கும் சோதனை பண்ணலாமா?

---

எக்ஸான்24:

வாசகி, நீங்கள் படித்த இரண்டுமே சரி. நஞ்சு என்று சொன்னது எலி. பாதுகாப்பு என்று சொன்னது குரங்கு.

மரபணு சிறியது என்பது உண்மைதான். மருந்தை ஏற்றிச் செல்லும் ஏஏவி வைரஸ் ஓட்டுக்குள் சுமார் 4,700 எழுத்துகள்தான் கொள்ளும். டூஷெனுக்குக் காரணமான டிஸ்ட்ரோஃபினில் புரதத்துக்கான பகுதி மட்டுமே 11,000 எழுத்து. அதனால் அதை வெட்டி, நடுப்பகுதியைத் தூக்கிப் போட்டு, "மைக்ரோ" வடிவம் செய்ய வேண்டியிருக்கிறது. கால்பெயின்-3க்கு அந்தத் தொல்லை கிடையாது. 821 அமினோ அமிலம், அதாவது 2,466 எழுத்து. முழுசாக ஏற்றி, அதை இயக்கும் புரொமோட்டர் என்ற பகுதியும் வைத்து, மேலே இடமும் மிச்சம் இருக்கும்.

சிக்கல் அளவில் இல்லை, குணத்தில் இருக்கிறது. டிஸ்ட்ரோஃபின் ஒரு தாங்கு கயிறு. கொஞ்சம் கூடினாலும் பெரிய கேடில்லை. கால்பெயின்-3 ஒரு கத்தரி. மற்ற புரதங்களை வெட்டும், தன்னையும் வெட்டிக்கொள்ளும். எலும்புத் தசையில் அது டைட்டின் என்ற மாபெரும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு உறைக்குள் கத்தி போலக் கிடக்கிறது. தசைச் சிதைவுக்கு ஒரு நொதி காரணமாக இருக்க முடியும் என்று முதன்முதலில் தெரியவந்ததே 1995ல் ரிஷார் குழு காட்டிய இந்த மரபணுவால்தான். அதுவரை எல்லாம் கட்டமைப்புப் புரதங்களே.

2006ல் எலியின் காலில் நேரடியாக ஊசி போட்டார்கள். அந்தத் தசை தேறியது. ஆனால் இந்த நோய்க்கு உடம்பில் உள்ள எல்லாத் தசைக்கும் மருந்து போக வேண்டும், எனவே இரத்தத்தில்தான் ஏற்றியாக வேண்டும். இரத்தத்தில் ஏற்றினால் இதயத்துக்கும் போகும். அப்படிப் போனபோது எலிகளின் இதயம் கெட்டது. "இதயத்துக்கு நஞ்சு" என்ற பேச்சு அங்கே தொடங்கியது.

2013ல் அதே குழு போட்ட முடிச்சு எனக்கு மிகவும் பிடித்தது. இதயத் தசையில் மட்டும் மைஆர்-208ஏ என்ற நுண் ஆர்என்ஏ இருக்கிறது. மருந்து மரபணுவின் வால் பகுதியில் அதற்குப் பொருந்தும் எழுத்து வரிசையைச் சேர்த்துவிட்டார்கள். இதயத்துக்குள் போன செய்தியை அந்த நுண் ஆர்என்ஏ பிடித்து அழித்துவிடும். காலுக்கும் தோளுக்கும் போன செய்தியைத் தொட அங்கே ஆளில்லை, புரதம் உருவாகும். வைரஸை இதயத்துக்குள் போகவிடாமல் தடுப்பது கஷ்டம், உள்ளே போனதை ஊமையாக்குவது சுலபம்.

2019ல் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு 3×10¹³, அதாவது 30 லட்சம் கோடி வைரஸ் பிரதிகள். இதயத்தின் அமைப்பிலும் செயலிலும் மாற்றம் எதுவும் இல்லை, தசையில் போதிய அளவு புரதம் வந்தது. ஏன் இந்த வேறுபாடு என்று தேடியபோது டைட்டினிலேயே விடை இருந்தது. டைட்டின் செய்தியை வெட்டி ஒட்டும் விதம் இனத்துக்கு இனம் மாறுகிறது. எலி இதயத்தில் கால்பெயினைப் பிடித்து அடக்கி வைக்கும் திறன் குறைவு. குரங்கிலும் மனிதரிலும் அது கூடுதல்.

அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை? கால்பெயினுக்கு அங்கீகாரம் பெற்ற மரபணு சிகிச்சை எந்த நாட்டிலும் கிடையாது. ரிஷாரின் ஆய்வகத்திலிருந்து மனிதர்வரை முதலில் போனது இதே இடுப்பு-தோள் தசைச் சிதைவில் வேறு வகை: எஃப்.கே.ஆர்.பி. மரபணுவால் வரும் ஆர்9. அத்தாமியோ என்ற நிறுவனத்தின் பெயரில் பிரான்ஸ், டென்மார்க், பிரிட்டனில் அந்த ஆய்வு நடக்கிறது. கத்தரியை விட்டுவிட்டு, தப்பினாலும் ஆபத்து குறைந்த புரதத்தில் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் அறிக்கையைப் பற்றிச் சொன்னால், இரண்டு மாற்றமும் 1995 பட்டியலில் ரீயூனியன் குடும்பங்களின் பெயரிலேயே இருப்பவை. எனவே நோய் உறுதி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

---

ஆய்வகத்தான்:

எக்ஸான்24 சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. கடைசிப் பத்தியில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

அறிக்கையில் இரண்டு மாற்றம் இருந்தால் போதாது. ஒன்று அப்பாவிடமிருந்தும் மற்றொன்று அம்மாவிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் மற்ற குரோமோசோம் நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்போது நோய்க்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அல்லது அந்த "நல்ல" குரோமோசோமில் சோதனை காணத் தவறிய மூன்றாவது மாற்றம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மேட்டுக் குடும்பம் அம்மா வழி மட்டும் என்கிறார் வாசகி. இரண்டுமே ரீயூனியன் மேட்டு மாற்றங்கள். அதனாலேயே இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். அப்பா வழியிலும் கலப்பு இருந்திருக்கலாம். இந்தத் தீவில் அது ஆச்சரியமில்லை. ஆனால் ஊகம் வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேருடைய இரத்தத்திலும் அந்த இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். சின்ன வேலை.

அறிக்கையை எடுத்து இவற்றைப் பாருங்கள். மாற்றத்துக்குப் பக்கத்தில் 4 அல்லது 5 (நோய் தரக்கூடியது) என்று வகை எண் இருக்கிறதா? 3 என்றால் "பொருள் தெளிவில்லாதது", அதை வைத்து எந்த ஆய்வும் சேர்த்துக்கொள்ளாது. மரபணுச் செய்தியின் எந்தப் படிவத்தை (ட்ரான்ஸ்கிரிப்ட்) வைத்து எழுத்துகளை எண்ணினார்கள் என்று எண் போட்டிருக்கிறதா? பெரிய துண்டுகள் காணாமல் போயிருக்கின்றனவா என்று தனியாகப் பார்த்தார்களா? வழக்கமான வரிசைப்படுத்தலில் ஒரு முழு எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) காணாமல் போனாலும் கண்ணில் படாமல் போகலாம்.

தசைத் துண்டு எடுத்துப் புரதம் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் முடிவை நம்புவதற்கு முன் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். கால்பெயின்-3 தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், அதுவும் சில நிமிடங்களில். எடுத்த துண்டை உப்பு நீரில் ஊறவைத்து மேசைமேல் விட்டால் புரதச் சோதனையில் கால்பெயின்-3 காட்டும் 94 கிலோடால்டன் பட்டை மங்கி, சின்னச் சின்னத் துண்டுகளாகிவிடும். பார்ப்பவர் "புரதம் இல்லை" என்று எழுதிவிடுவார். நோய் இல்லாதவரின் தசையிலும் இது நடக்கும். சரியான வழி: உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் வைத்து உடனே கொண்டுபோய், திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேனில் முக்கி உறையவைக்க வேண்டும். பிறகு -80 பாகையில் வைப்பு, அனுப்பும்போது உலர் பனிக்கட்டி. ஃபார்மலினில் போட்டது புரதப் பட்டைக்கு உதவாது.

தலைகீழாகவும் ஏமாறலாம். பட்டை முழுசாக இருந்தும் நோய் இருக்கும். கத்தரி இருக்கிறது, ஆனால் முனை மழுங்கியது. அளவு சரி, வேலை இல்லை. எனவே பட்டையை வைத்து நோய் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசிப் பேச்சு மரபணுவுக்குத்தான்.

தம்பி விஷயம்: பிரெஞ்சுச் சட்டப்படி, அறிகுறி இல்லாத சிறுவருக்கு உடனடியாகத் தடுக்கவோ குணப்படுத்தவோ வழி இருந்தால்தான் மரபணுச் சோதனை. இந்த நோய்க்கு இன்று அது இல்லை, அதனால் மறுத்துவிடுவார்கள். மறுப்பதும் சரி என்றே நான் நினைக்கிறேன். வெளிநாட்டு எச்சில் சோதனைப் பெட்டியை வரவழைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மருத்துவர் எழுதித் தராமல் தானே செய்துகொள்வது இங்கே சட்டவிரோதம், அதோடு அந்தப் பெட்டிகள் இந்த மரபணுவை முழுசாகப் படிப்பதும் இல்லை. தம்பி குதிகாலை ஊன்றாமல் நடக்கிறானா, ஓட்டத்தில் பின்தங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். அறிகுறி வந்த நொடியில் கேள்வியே மாறிவிடும்.

---

எக்ஸான்24:

ஆய்வகத்தான் சொன்னது சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். அப்பா அம்மா சோதனை இல்லாமல் உறுதி என்று எழுதியிருக்கக் கூடாது.

ஒரே ஒரு இடைச்செருகல், ஏனென்றால் இது நம் தீவின் கதை. தெற்கு மேட்டில் ஒருவருக்கொருவர் உறவான சின்னச் சமூகம். இந்த நோய் 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1991ல் கண்டதே அந்தக் குடும்பங்களை வைத்துத்தான். ஒரே மூதாதை, ஒரே மாற்றம் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது ஆறு. "ரீயூனியன் முரண்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இரண்டாவதாக ஏதோ ஒரு மரபுக் காரணி துணை நிற்க வேண்டும் என்று 1996ல் ஆய்வாளர் பெக்மன் வாதிட்டார். கால்பெயின் மாற்றம் சுமப்பவர்கள் எங்கும் அவ்வளவு அரிதில்லை, பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது மறுதரப்பு. வட இந்திய அகர்வால் சமூகத்தில் இதே நோய்க்கு முக்கியமான மாற்றங்கள் இரண்டுதான். அதோடு ஒப்பிட்டால் நம் தீவின் விசித்திரம் புரியும்.

---

சன்பியேர்_வாசகி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்பா அம்மா சோதனை பண்ணலை, அது இப்பத்தான் உறைக்குது. தசைத் துண்டும் எடுக்கலை.

இன்னும் கொஞ்சம் கேக்கணும். ஏஏவி எதிர்ப்புரதம் இருந்தா ஊசி போட மாட்டாங்களாமே, அதை இப்பவே பார்த்து வைக்கலாமா? போன மாசம் காய்ச்சலுக்குப் போனப்ப ஏ.எஸ்.டி. 140, ஏ.எல்.டி. 160 இருந்துச்சு. கல்லீரல்ல கோளாறுன்னு ஸ்கேன் எழுதிட்டாங்க. இதனால ஆய்வுக்குத் தகுதி போயிடுமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கணும்னு வேற ஒத்தக்கால்ல நிக்கிறா.

---

மருந்துக்குறிப்பு:

வாசகி அக்கா, கல்லீரல் விஷயத்தை முதலில் முடிச்சுடலாம்.

ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ரெண்டும் கல்லீரல்ல மட்டும் இல்லை, தசையிலயும் இருக்கு. சி.கே. 4,200 இருக்கிற ஒருத்தருக்கு அந்த ரெண்டும் நூத்துக்கு மேல இருக்கிறது தசை கசியறதால. கல்லீரலா தசையான்னு பிரிச்சுப் பார்க்க ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் கேளுங்க. ஜி.ஜி.டி. தசையில் இல்லை. அது சாதாரணமா இருந்தா கல்லீரலைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓர்தொனான்ஸிலயும் (மருத்துவர் எழுதித் தர்ற சீட்டு) "சி.கே.யும் ஜி.ஜி.டி.யும் சேர்த்து" எழுதச் சொல்லுங்க. இதைத் தவற விட்டு வீணா கல்லீரல்ல ஊசி குத்தித் துண்டெடுத்த நோயாளிகள் உலகம் பூரா இருக்காங்க.

இதே குழப்பம் இன்னும் ரெண்டு சோதனையில் வரும். கிரியாட்டினின் தசையிலிருந்து வர்றது; தசை கரைஞ்சவங்களுக்கு அது எப்பவும் தாழ்வா இருக்கும், சிறுநீரகம் கெட்டாலும் "நார்மல்"னு காட்டும். சிஸ்டாட்டின் சி கேக்கணும். இதயத்துக்கு ட்ரோபோனின் பார்த்தா டி வகை தசை நோயிலயும் ஏறும், அதனால ஐ வகையைக் கேளுங்க. இந்த மூணையும் ஒரு அட்டையில் எழுதி கார்த் வித்தாலோட (மருத்துவக் காப்பீட்டு அட்டை) வச்சுக்கங்க. ராத்திரி அவசரப் பிரிவில் யாருக்கும் இது நினைவு வராது.

எதிர்ப்புரதம்: இப்போ பார்க்க வேண்டாம். ஏஏவி இயற்கையாவே ஊர்ல சுத்துது, நோய் எதுவும் தராது, ஆனா நம்ம உடம்பு அதை நினைவு வச்சிருக்கும். இன்னிக்கு இல்லைன்னாலும் அடுத்த வருஷம் வரலாம். ஒவ்வொரு மருந்துக்கும் வைரஸ் ஓடு வேற, சோதனை முறை வேற, எல்லைக் கோடு வேற. டூஷென் மருந்து எலெவிடிஸ்ல 1:400க்குக் கீழ இருக்கணும், முதுகுத்தண்டுத் தசைச் சிதைவுக்கான ஸோல்ஜென்ஸ்மால 1:50. ஆய்வு நடத்துறவங்க அவங்க சோதனையில பார்த்ததை மட்டும்தான் ஏத்துப்பாங்க. முக்கியமானது வேற ஒண்ணு: ஒரு தடவை ஏஏவி ஊசி போட்டா எதிர்ப்புரதம் எகிறிடும், ரெண்டாவது தடவை போட முடியாது. அதனால கிடைச்ச முதல் ஆய்வில் குதிக்காதீங்க. குறைந்த அளவு கொடுத்துப் பார்க்கிற முதல் குழுவில் சேர்ந்தா, நாளைக்குச் சரியான அளவு தெரிஞ்சப்ப கதவு மூடியிருக்கலாம். சேர வேண்டாம்னு சொல்லலை. அதை மட்டும் நேராக் கேட்டுட்டு ஒப்பம் போடுங்க.

அளவைப் பத்தியும் ஒரு கணக்கு. குரங்குக்குக் கொடுத்த அதே அளவை 48 கிலோவுக்குப் போட்டா 1.44×10¹⁵. எலெவிடிஸ் கிலோவுக்கு 1.33×10¹⁴, 20 கிலோ பையனுக்கே 2.66×10¹⁵ ஆயிடுது. அளவு ஏற ஏற கல்லீரலுக்கும் நோயெதிர்ப்புக்கும் சுமை. எக்ஸ் குரோமோசோம் வழியா வர்ற மயோட்டியூபுலர்ங்கிற தசை நோய்க்கான ஏஏவி ஆய்வில் 4 பசங்க இறந்தாங்க, கல்லீரல்ல பித்தம் தேங்கினது அதில் முக்கியக் கோளாறு. 2025ல் எலெவிடிஸ் போட்ட, நடக்க முடியாத பதின்ம வயசுப் பசங்க ரெண்டு பேர் கல்லீரல் செயலிழந்து போயிட்டாங்க. அதே வருஷம் இடுப்பு-தோள் வகை ஆய்வில் 51 வயசுக்காரர் ஒருத்தரும் அதே மாதிரி. ஜெனெத்தோன் தன்னோட டூஷென் ஆய்வில் 3×10¹³ஓட நிக்கிறதுக்கும், குரங்கில் அதே அளவில் போதிய புரதம் வந்ததைப் பெருசாப் பேசறதுக்கும் இதுதான் காரணம்.

நடைமுறை எப்படி இருக்கும்னா: ஊசிக்கு முந்தின நாளே பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி. ஆரம்பிப்பாங்க, ஒண்ணு ரெண்டு மாசமாவது தொடரும். 48 கிலோன்னா தினம் 48 மி.கி. எலெவிடிஸ்ல கல்லீரல் இரத்தம் வாராவாரம் 3 மாசம், ட்ரோபோனின் முதல் மாசம் வாராவாரம், தட்டணு முதல் ரெண்டு வாரம். கால்பெயினுக்கு வந்தாலும் கிட்டத்தட்ட இதே ஓட்டம்தான். 11 மணி நேர விமானத்தில் போய் ஊசி போட்டுட்டு மறுவாரம் சன்பியேர் திரும்பிடலாம்னு கணக்குப் போடாதீங்க. மெத்ரோபோல்ல (ஐரோப்பாவில் இருக்கிற பிரான்ஸ்) யார் வீட்டில் மூணு மாசம் தங்கறது, பள்ளி என்ன ஆகும், கூட யார் இருப்பாங்கன்னு முன்னாடியே யோசிங்க. நீண்டகால நோய்க்கான காப்பீட்டுப் பட்டியல் அ.எல்.தே. 9ல் பேர் பதிஞ்சிருக்கான்னும் பாருங்க, தசை நோய் அதில்தான் வரும்.

ஸ்டீராய்டு ஓடும்போது உயிருள்ள தடுப்பூசி போட முடியாது. தட்டம்மை, சின்னம்மை விட்டுப் போயிருந்தா இப்பவே முடிச்சுடுங்க. சிக்குன்குனியா தடுப்பூசியிலயும் ஒண்ணு உயிருள்ள வகை. நம்ம தீவில் இதை மறக்கக் கூடாது.

ஸ்டீராய்டுன்னதும் இன்னொண்ணு: டூஷெனுக்குத் தினம் கொடுக்கிறாங்களேன்னு இவளுக்கும் யாராவது தொடங்கினா காரணம் கேளுங்க. இந்த நோயில் அதுக்குப் பலன் நிரூபணம் ஆகலை. எலும்பும் எடையும்தான் கெடும்.

---

கினே_இளங்கோ:

ஆய்வில் சேரக் கையில் என்ன இருக்கணும்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே.

அளவுகள்தான் வேணும் அக்கா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே கினே (உடற்பயிற்சி சிகிச்சையாளர்) கையால: 10 மீட்டர் நடைக்கு எத்தனை நொடி, 4 படி ஏற எத்தனை நொடி, தரையில் மல்லாந்து படுத்து எழுந்து நிக்க எத்தனை நொடி. அதோட மூச்சுக் கொள்ளளவு உட்கார்ந்து ஒண்ணு, படுத்து ஒண்ணு. நொடியை மட்டும் எழுதினா ஒரு பிரயோசனமும் இல்லை. வெறுங்காலா செருப்பா, கைப்பிடி ஒரு கையா ரெண்டு கையா, காலையா சாயங்காலமா, எல்லாம் எழுதணும். ஒரு கையைப் பிடிச்சு ஏறின 6 நொடியும் ரெண்டு கையால ஏறின 6 நொடியும் ஒண்ணில்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவுல கைப்பிடி மாறியிருந்தா அதுதான் செய்தி, நொடி இல்லை.

தொடை, கெண்டைக்கால் எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்து வைங்க, கொழுப்பு விகிதம் கணக்கிடற முறையில். இந்த நோயில் உள்தொடையும் பின்தொடையும் முதல்ல கொழுப்பாகும், சார்ட்டோரியஸ், கிராசிலிஸ்ங்கிற ரெண்டு தொடைத் தசையும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். கொழுப்பா மாறின இடத்தில் மரபணு போய் உட்கார இழையே கிடையாது. ஊசி வர்றவரை மிச்சம் இருக்கிற இழையைக் காப்பாத்தறதும் சிகிச்சைதான்.

குதிகால் தசைநாண் சுருங்கறது இதில் சீக்கிரமே வரும். சுவரைப் பார்த்து நின்னு, பின்னங்கால் முட்டி மடங்காம, குதிகால் தரையில் பதிஞ்சு, 30 நொடி, ஒரு காலுக்கு 4 தடவை, தினமும். பலரும் பண்ற தப்பு: பாதம் வெளிப்பக்கம் திரும்பிடும். அப்போ இழுபடறது பாத வளைவு, குதிகால் தசைநாண் இல்லை. பெருவிரல் நேரா சுவரைப் பார்க்கணும். பாதத்தின் உள்பக்கத்துக்கு அடியில் மடிச்ச துண்டு வச்சா இன்னும் நல்லது. முட்டியை மடக்காம பாதத்தை மேல தூக்கினா 90 பாகை தாண்டலைன்னா ராத்திரிக்கு அச்சு போட்ட தாங்கி கேளுங்க.

பயிற்சி வேண்டாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆனா இறக்கம் வேண்டாம். தசை நீண்டுகிட்டே சுமை தாங்கறதுதான் இழையைக் கிழிக்கும். படி இறங்கறது, மேட்டுப் பாதையில் இறங்கறது, எடையை மெதுவா கீழ விடறது எல்லாம் அதுதான். சிலாவோஸ் போனா ஏறி இறங்காம அங்கயே தட்டையா நடக்கட்டும். 32-34 பாகை வெந்நீர்க் குளத்தில் நடை, சுமை இல்லாத சைக்கிள் ரொம்ப நல்லது. மறுநாள் தாண்டியும் வலி நின்னா அளவு அதிகம். சிறுநீர் கோலா நிறத்தில் போனா காத்திருக்க வேண்டாம், நேரா அவசரப் பிரிவு. தசை உடைஞ்சு சிறுநீரகத்தை அடைக்கும்.

காவடி. வேண்டுதலில் நான் தலையிடலை, தோளைப் பத்தி மட்டும் சொல்றேன். தோள்பட்டை எலும்பைப் பிடிச்சிருக்கிற தசை போனதாலதான் இறக்கை தூக்குது. காவடி தோளில் உட்கார்ந்தா அந்த எலும்புக்கு அண்டையில்லை, பாரம் பூரா கழுத்துக்குப் போகும். அதோட வெயில், வெறுங்கால், பல மணி நேரம் நடை. பால்குடத்தை இடுப்பில் அணைச்சு, கடைசி நூறு மீட்டர் மட்டும் நடக்கட்டும், மீதிக்கு நாற்காலி. குடத்தைத் தலையில் வைக்க வேண்டாம், கையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்க முடியாது.

விமானம்: உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம், நம்ம மைதோ முனையை விடக் கொஞ்சம் மேல. படுத்தப்ப மூச்சுக் கொள்ளளவு ரொம்ப இறங்கினா, இல்லை காலையில் தலைவலியோட எழுந்தா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நுரையீரல் மருத்துவரைப் பாருங்க.

எந்த அறுவைக்குப் போனாலும், பல்லே ஆனாலும், மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு நோயின் பேர் முன்கூட்டியே தெரியணும். தசையைத் தளர்த்தற சக்சமெத்தோனியம் மருந்து கூடாது, பொட்டாசியம் எகிறி இதயம் நின்னுடும்.

---

கியூர்பீப்_கண்மணி:

மொரீஷியஸிலிருந்து ஒரு கேள்வி. அதே நோய் சந்தேகம், சோதனைக்கு இரத்தம் வெளிநாடு போகணும். போன தடவை "மாதிரி உதவாது"ன்னு திருப்பிட்டாங்க. பச்சை மூடிக் குழாயில் எடுத்து, கெடாம இருக்கட்டும்னு உறையவச்சு அனுப்பினோம். இந்தியாவில் ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்னு வேற ஒருத்தர் சொல்றார்.

---

ஆய்வகத்தான்:

கண்மணி அம்மா, பச்சை மூடி என்றால் ஹெப்பரின். அது மரபணுவைப் பெருக்கும் வேதிவினையைத் தடுக்கும். ஊதா மூடி, ஈடிடிஏ குழாய்தான் வேண்டும். பெரியவருக்கு 5 மி.லி. வீதம் இரண்டு குழாய். எடுத்ததும் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள். உறையவைக்காதீர்கள், குழாய் விரிசல் விடும், செல் உடையும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், 4 பாகையில் வைத்து, வாரத்தின் முதல் நாட்களில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சுங்கத்தில் இரண்டு நாள் கிடக்கும். குழாயில் பெயரும் பிறந்த தேதியும், கூடவே கையெழுத்திட்ட ஒப்புதல் தாளும் சேர வேண்டும். ஒப்புதல் தாள் இல்லையென்றால் நல்ல இரத்தத்தையும் தொடமாட்டார்கள். அப்பா அம்மா குழாய்களையும் அதே பெட்டியில் போடுங்கள், அடுத்து அவற்றைத்தான் கேட்பார்கள்.

ஸ்டெம் செல்: பணம் வாங்கிக்கொண்டு போடும் அந்த ஊசியால் இந்த நோய் தேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிற்பாடு நல்ல ஆய்வு வரும்போது, முன்பு செல் சிகிச்சை எடுத்தவர்களை விலக்குவது வழக்கம்.

---

சன்பியேர்_வாசகி:

ஊதா மூடி, அப்பா அம்மா ரெண்டு பேரும். சன்பியேர் நரம்புத்தசைப் பிரிவில் வர்ற புதன்கிழமை நேரம் வாங்கியாச்சு. ஜி.ஜி.டி.யும் அன்னிக்கே எடுக்கச் சொல்லியிருக்கேன். பால்குடத்துக்கு ஒத்துக்கிட்டா. நாற்காலிக்கு இன்னும் ஒத்துக்கலை.

---

கினே_இளங்கோ:

நாற்காலின்னு சொல்லாதீங்க. தேர் பின்னால போற வண்டியில தம்பியோட உட்காரச் சொல்லுங்க, கோயில் வாசல்ல இறங்கி நடக்கட்டும். வண்டியிலிருந்து இறங்க ஒரு முக்காலி வைங்க, குதிச்சு இறங்க வேண்டாம்.